இசாவோவுக்கு ஓர் எதிராளி

அமகாசாகி, ஜப்பான்
1979 பிப்ரவரி 12

திரு. அனக்லேதோ பாண்டிலான் அவர்களுக்கு,

நீங்கள் செபுவிலிருந்து அனுப்பிய செல்சோ ஓம்பாட் முதல் சுற்றிலேயே விழுந்தான். விழுந்தான் என்பதைவிடப் படுத்தான் என்பதே சரி. எங்கள் இசாவோவின் கை அவன் தோளைத்தான் தொட்டது. தோளில் அடிபட்டவன் தாடையைப் பிடித்துக்கொண்டு சாய்வதை நான் இதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பெட்டி வாங்க வெளியே போனவர்கள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேல் வரிசைகளிலிருந்து ஆரஞ்சுத் தோல்களை வீசினார்கள். ஒன்று என் கிமோனோவின் கைமடிப்பில் விழுந்தது. மறுநாள் நாளிதழில், ‘காற்றடிக்காமலே விழுந்த பழம்’ என்று தலைப்பிட்டு செல்சோவின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கிதானி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினார். “சனங்க டிவி முன்னால எதுக்கும்மா உக்காருறாங்க? எவனாவது அடி வாங்குறதப் பார்க்க. உங்க ஆளு அடியே வாங்க மாட்டேங்குறாரு, எதிர்ல வர்றவன் நிக்கவே மாட்டேங்குறான். ஜெயிச்சு ஜெயிச்சே கடைய மூடிட்டீங்க. அடுத்ததும் இப்படித்தான்னா நாங்க பேஸ்பால் போட்டுட்டுப் போறோம்.”

பட்டம் வைத்திருக்கும் வீரனின் குத்துச்சண்டைக் கூடத்துத் தலைவி நான். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் கிதானி அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

இசாவோ அமாமித் தீவிலிருந்து பதினைந்து வயதில், ஒரு துணிமூட்டையோடு எங்கள் கூடத்துக்கு வந்தவன். என் கணவர் கடைசியாகச் சொன்னது, “வந்த மாதிரியே அவனைத் திருப்பி அனுப்பு” என்பதுதான். முகம் கோணாமல், புத்தி கலங்காமல் என்று அர்த்தம். நான் இப்போதே அனுப்பத் தயார். அவன்தான், “ஆரஞ்சுத் தோலு மேல நடந்து இறங்க மாட்டேன். ஒரே ஒரு தடவை அரங்கம் நிறையட்டும்” என்கிறான். ஆகவே இன்னும் ஒரே ஒரு சண்டை. சனம் வர வேண்டும். அவன் ஜெயித்து இறங்க வேண்டும்.

செல்சோவுக்கு முப்பது வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். எந்த முப்பது? இனி எனக்கு உண்மையை மட்டும் எழுதுங்கள். எங்கள் கன்னியர் பள்ளியில் பொய்க்கு முழங்காலில் நிற்க வைப்பார்கள். உங்களை அப்படி நிற்க வைக்க ஆளில்லாமல் போய்விட்டது.

குசகாபே ஃபுமி


செபு
1979 பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய குசகாபே அம்மாவுக்கு,

முழங்காலில் நின்று படிக்க மூட்டுவலி விடவில்லை. ஆகவே நாற்காலியிலேயே உட்கார்ந்து தண்டனையை அனுபவித்தேன்.

நவம்பரில் நீங்கள் எழுதியதை ஞாபகப்படுத்துகிறேன். ஆள் பார்க்க முரடனாக இருக்க வேண்டும், இசாவோவின் முகத்தில் கீறல்கூட விழக்கூடாது, ஆறு சுற்றாவது நிற்க வேண்டும். முரட்டுத்தனம், சாதுகுணம், நிலைத்து நிற்கும் குணம் மூன்றும் உள்ள ஒருவன் கிடைத்திருந்தால் அவனை என் மகளுக்கே கட்டி வைத்திருப்பேன்.

செல்சோவைக் கூப்பிட்டுத் திட்டினேன். தலையைத் தொங்கப்போட்டபடி சொன்னான்: “அவரு கைய ஓங்கினதுமே என் புள்ளைங்க முகம் தெரிஞ்சுது மாமா. எப்படியும் விழத்தானே வந்திருக்கோம், சீக்கிரம் விழுந்துட்டா என்னன்னு தோணிச்சு.” இதற்கு மேல் நான் என்ன திட்ட?

முப்பது எந்த முப்பது என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா அம்மா? முதல் முறை ஒசாகா வந்தபோது குசகாபே ஐயா எனக்கு பீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “பாண்டி, நீ ரெண்டுன்னு எழுது, நான் ஒண்ணுன்னு படிச்சுக்கிறேன். போஸ்டர்ல ரெண்டே இருக்கட்டும்.” அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னதே பக்கத்தில் இருந்த நீங்கள்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னீர்கள், ஆனால் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்த வழக்கம் மாறவில்லை. செல்சோவுக்குப் பதினைந்து வெற்றி. அது உண்மை.

இனி அந்தக் கணக்கு வேண்டாம் என்றால் எனக்கும் நிம்மதிதான். எங்கள் ஊர்க் குழந்தை இயேசு சாட்சியாக, இனி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இதோ உண்மையான இரண்டு பேர்.

பிரிமித்திவோ, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். பலசாலி. ஆனால் அடி விழுந்தால் சிரிப்பான். வலித்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பான். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைப்பார்கள்.

துரிபியோ, முன்னாள் போலீஸ்காரன், முப்பத்தாறு வயது. எட்டுச் சுற்றும் நிற்பான். எட்டுச் சுற்றும் ஓடிக்கொண்டே இருப்பதால்.

உண்மை எப்படி இருக்கிறது?

உங்கள் பணிவுள்ள,
அனக்லேதோ பாண்டிலான்


அமகாசாகி
1979 மார்ச் 15

திரு. பாண்டிலான் அவர்களுக்கு,

உங்கள் உண்மையை விற்க முடியாது. சிரிப்பவனும் வேண்டாம், ஓடுபவனும் வேண்டாம்.

கிதானி கேட்பது கதையுள்ள ஆள். இவன் ஏன் வருகிறான், இசாவோ மேல் இவனுக்கு என்ன கோபம் என்று சனம் ஒரு மாதம் பேச வேண்டுமாம். கோபமுள்ள ஆளைத் தேடுங்கள். ஒரு நாட்டில் கோபமுள்ள ஒருவன்கூடக் கிடைக்கவில்லை என்றால் நம்ப மாட்டேன். உங்களால் முடியாவிட்டால் பாங்காக்கில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதிக்கொள்கிறேன்.

இசாவோ இதையெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறான். நேற்று சாப்பாட்டின்போது, “இந்தத் தடவை எவன் படுக்க வர்றான், கூடத்தம்மா? தலகாணி நானே எடுத்துட்டு வந்துரட்டுமா?” என்றான். கூடத்துப் பிள்ளைகள் சோறு சிந்தச் சிரித்தார்கள். பிறகு, குளிக்கத் தண்ணீர் தயாரா என்று கேட்டான். தயார் என்றேன். மிசோ சூப்பைக் குடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டான். சின்ன வயதிலிருந்தே மறதிக்காரன்தான்.

மற்றபடி அவன் முன்னெப்போதையும்விட நல்ல நிலையில் இருக்கிறான் என்பதை உங்கள் ஆட்களிடம் தயங்காமல் சொல்லலாம்.

குசகாபே ஃபுமி


செபு
1979 ஏப்ரல் 17

அம்மாவுக்கு,

கோபமுள்ள ஆள் ஒருவன் இருக்கிறான். எழுதலாமா வேண்டாமா என்று புனித வாரம் முழுவதும் யோசித்தேன். உண்மையைக் கேட்டவரிடம், இருப்பவனை இல்லையென்பதும் பொய்தானே என்று எழுதுகிறேன்.

பெயர் நார்சிஸோ ஓம்பாட். ஆமாம், செல்சோவின் தம்பி. வயது இருபத்துமூன்று. கோயிலில் பாடுவான். பீடத்தில் வைத்து மெழுகுவத்தி ஏற்றலாம் போன்ற முகம். அண்ணன் படுத்துக்கிடந்த அந்த நாளிதழ்ப் படத்தைக் கப்பலில் வந்த யாரோ கொண்டுவந்து, துறைமுகத்துச் சாராயக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். செல்சோ இப்போது அந்தத் தெரு வழியே போவதில்லை. நார்சிஸோ தினமும் போகிறான். “அதக் கிழிச்சுப் போட வேண்டியதுதானடா” என்றேன். “கிழிக்க மாட்டேன் மாமா. அந்த ஆளு படுத்துக்கிடக்குற படம் வரட்டும், அது மேலயே ஒட்டுறேன்” என்றான்.

இருபத்தோரு சண்டை போட்டிருக்கிறான். இருபதில் வெற்றி. பதினேழு பேர் நடுவர் எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. ஒரே தோல்வி மணிலாவில், நடுவரின் மைத்துனனிடம். இதில் ஒன்றைக்கூட நான் கூட்டி எழுதவில்லை.

அம்மா, இவனை எடுக்காதீர்கள். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவன் வலது கை எங்கேயிருந்து புறப்படுகிறது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் தேடுவது இசாவோவை வழியனுப்ப ஒரு ஆள். இவன் வழியனுப்ப வருகிறவன் இல்லை. இன்னும் இரண்டு மாதம் கொடுத்தால் வேறு யாரையாவது பார்க்கிறேன்.

அனக்லேதோ பாண்டிலான்


அமகாசாகி
1979 மே 4

திரு. பாண்டிலான் அவர்களுக்கு,

நான் ஐம்பது வருடமாக மீன் வாங்குகிறேன். “இது உங்களுக்கு வேணாம்மா, வேற வீட்டுக்கு எடுத்து வெச்சிருக்கேன்” என்று மீன்காரன் சொன்னால், அது நேற்றைய மீன். இசாவோவுக்கு எதிராக இவனை எடுக்காதீர்கள் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்த மீன்காரன் ஞாபகம்தான் வந்தான்.

இருபது என்றால் பத்து. பதினேழு என்றால் எட்டு, அந்த எட்டுப் பேரிலும் பாதிப் பேர் செல்சோவைப் போல நல்ல மனதுக்காரர்களாக இருந்திருப்பார்கள். இந்தத் தடவை குழந்தை இயேசுவையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், நான் அல்ல.

ஆனால் ஆள் எனக்குப் பிடித்திருக்கிறான். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய அவன் படத்தைக் கிதானியிடம் காட்டினேன். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “தம்பி பழி வாங்க வர்றான்! இது ஒண்ணு போதும்மா, வேற எதுவுமே வேணாம். இந்த மூஞ்சியக் காட்டினா பொம்பளைங்களும் எழுந்திரிக்காம உக்காருவாங்க.” சாராயக் கடைச் சுவரையும் படம் எடுக்க ஆளனுப்பப் போகிறாராம்.

அக்டோபரில் ஒசாகாவில் சண்டை. ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன்.

குசகாபே ஃபுமி


செபு
1979 மே 25

அம்மாவுக்கு,

ஒப்பந்தம் வந்தது. அது வந்த அன்றே நார்சிஸோ கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனை இனி என்னாலும் நிறுத்த முடியாது. மூட்டு இருக்கும் இருப்பில் என்னால் விமானம் ஏற முடியாது. செல்சோதான் தம்பிக்குத் துணையாக மூலையில் நிற்பான். இருவருக்கும் நிறையச் சோறு போடுங்கள், பச்சை மீன் வேண்டாம்.

என்னை மீன்காரன் என்றது வலித்தது. அது இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். இசாவோ உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா? மூன்று வருடத்துக்கு முன் நான் பார்த்த இசாவோ என்றால் எனக்குக் கவலை இல்லை. அப்படியானால் இது சரிக்குச் சரியான சண்டை, அடிபட்டால் நார்சிஸோதான் அடிபடுவான். அவன் அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இல்லையென்றால், என்மேல் கோபப்பட்டாவது இதை நிறுத்துங்கள்.

பாண்டிலான்


தந்தி
1979 ஜூன் 5

இசாவோ நலம். ஆளை அனுப்பவும். குசகாபே.


அமகாசாகி
1979 அக்டோபர் 26

பாண்டிலான்,

அரங்கம் நிறைந்திருந்தது. கிதானி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். அவர் சொல்லைச் சேர்த்துவிட்டேன்.

இசாவோ ஒன்பது நாட்களாக மருத்துவமனையில் இருக்கிறான். முதல் மூன்று நாள் கண் விழிக்கவில்லை. இப்போது விழிக்கிறான், சோறு சாப்பிடுகிறான். என்னைத் தெரிகிறது. மூளையில் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஐந்தாவது சுற்று முடிந்து மணி அடித்தபோது அவன் எங்கள் மூலைக்கு வரவில்லை. நேராக எதிர் மூலைக்குப் போய், நார்சிஸோவுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அரங்கம் முழுவதும் சிரித்தது. ஏதோ கேலி செய்கிறான் என்று நினைத்தார்கள். செல்சோதான் அவன் கையைப் பிடித்து எங்களிடம் கொண்டுவந்து விட்டான். ஏழாவது சுற்றில் அந்த வலது கை வந்தது. எங்கேயிருந்து புறப்பட்டது என்று நானும் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடம் என் கணவரின் உப்பைத் தின்றவர் நீங்கள். அண்ணனை ஒரு அடிக்குச் சாய வைத்து, எங்களைச் சிரிக்க வைத்து, அடுத்ததாகத் தம்பியை இறக்கினீர்கள். இவ்வளவு நிதானமாகக் குழி வெட்டுபவரை நான் பார்த்ததில்லை. மருத்துவமனைக்குச் செல்சோ மாம்பழத்தோடு வந்தான். திருப்பி அனுப்பினேன்.

இனி எழுத வேண்டாம்.

குசகாபே ஃபுமி


செபு
1979 நவம்பர் 14

குசகாபே அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் குழி வெட்டவில்லை. குழி இங்கே இருக்கிறது, பக்கத்தில் வராதீர்கள் என்று எழுதினேன். அதை நீங்கள் பாதியாகப் படித்தீர்கள். உண்மையை எழுது என்று கட்டளையிட்டவரும் நீங்கள், எழுதிய உண்மையை நேற்றைய மீன் என்றவரும் நீங்கள். நான் பொய் எழுதிய காலத்தில் உங்கள் ஆளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லையே அம்மா.

இன்னொன்று. செல்சோ திரும்பி வந்த அன்றே எல்லாவற்றையும் சொன்னான். சண்டைக்கு முன் ஒரு வாரம் அவர்கள் உங்கள் கூடத்தில்தானே தங்கினார்கள்? தினமும் காலையில் இசாவோ அவனிடம் பெயர் கேட்டாராம். “நீ எந்த ஊர்டா தம்பி?” என்று தினமும் அன்பாகக் கேட்டாராம். இந்த வருட ஆரம்பத்தில் எதிரில் நின்று படுத்தவன் இவன்தான் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. “நான் வாயத் தொறக்கல மாமா. நம்ம தம்பி ஜெயிப்பான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் சொல்லல” என்று அழுதான். அவனை நான் ஓங்கி அறைந்தேன். என் வயதில் அது சரியில்லை.

ஒரு வாரத்தில் செல்சோவுக்குத் தெரிந்தது, தினமும் சோறு போட்ட உங்களுக்குத் தெரியாதா? ‘இசாவோ நலம்’ என்ற தந்தியை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் சொல்லை நான் ஒருநாளும் பாதியாக்கியதில்லை. கன்னியர் பள்ளியில் படித்தவர், இவர் வாயில் பொய் வராது என்று நினைத்தேன்.

செல்சோ சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. அவர் முக்காலி மாறி உட்கார்ந்த பிறகு இன்னும் இரண்டு சுற்று நடந்தது. வீசினால் சண்டை நின்றிருக்கும், அந்த வெள்ளைத் துண்டு உங்கள் மடியில்தான் இருந்ததாம். ஏன் வீசவில்லை? அரங்கம் நிறைந்திருந்ததாலா?

அனக்லேதோ பாண்டிலான்


செபு
1980 ஏப்ரல் 21

குசகாபே அம்மாவுக்கு,

நிறுத்திக்கொள்கிறேன் என்றவன் மறுபடியும் எழுதுகிறேன். வேறு வழியில்லை.

இப்போது நான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இது நல்ல நாற்காலி இல்லை. நார்சிஸோவிடம் பட்டம் இருக்கிறது, எதிரில் நிற்க ஆளில்லை. மணிலாவில் கேட்டேன், சியோலில் கேட்டேன். ஒருவர், “எங்க பையன் அடுத்த மாசம் கல்யாணம் பண்ணிக்கப் போறான், மூக்கு வேணும்” என்றார். பிப்ரவரியில் ஒருவனைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டாவது சுற்றில் முடிந்தது. சனம் வேர்க்கடலையை வீசியது.

இந்த நேரத்தில் கிதானி எழுதியிருக்கிறார். இசாவோவே மறுபடியும் வரட்டும், பழைய வீரன் பட்டத்தை மீட்க வருகிறான் என்று விளம்பரம் செய்தால் ஒசாகாவில் நிற்க இடமிருக்காது என்கிறார். இசாவோ முழுக்கக் குணமாகிவிட்டார் என்று ஒரு டாக்டரின் சான்றிதழும் வைத்திருக்கிறார். நார்சிஸோ துள்ளுகிறான். சுவரில் ஒட்ட வேண்டிய படம் ஒட்டியாயிற்று, இருந்தும் அவனுக்குப் போதவில்லை.

டாக்டர் எழுதியதை நான் நம்பவில்லை. நீங்கள் எழுதுங்கள். இசாவோ எப்படி இருக்கிறார்? நீங்கள் எழுதுவதை முழுதாகப் படிப்பேன்.

பாண்டிலான்


அமகாசாகி
1980 மே 9

திரு. பாண்டிலான் அவர்களுக்கு,

துண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

இசாவோவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். இடது கண்ணின் ஓரத்தில் எதுவும் தெரிவதில்லை. அந்தப் பக்கம் வைத்த கிண்ணத்தைத் தட்டிவிடுகிறான். காலையில் குளித்துவிட்டு, மதியம் இன்னும் குளிக்கவில்லை என்கிறான். சில நாள் என் கணவர் எங்கே என்று கேட்கிறான். கல்லறைக்குப் போயிருக்கிறார் என்கிறேன். சரி, வந்ததும் சாப்பிடலாம் என்கிறான். மறதி அக்டோபரில் தொடங்கவில்லை. அதற்கு முந்தின வருடக் கோடையிலேயே தொடங்கிவிட்டது. நான் உங்களுக்கு நல்ல நிலையில் இருக்கிறான் என்று எழுதிய மார்ச் மாதத்தில் எனக்கு அது தெரியும். அரங்கம் நிறைந்து ஒருமுறை கைதட்டினால் அவன் இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். இறங்கிய பிறகு மறந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் நினைத்தேன்.

கையை ஓங்கும்போது மட்டும் அவனுக்கு எதுவும் மறப்பதில்லை. அதுதான் கிதானிக்குப் போதும். கையுறை மாட்டி, மூன்று நிமிடம் பையைக் குத்தவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் அழுதிருப்பார்கள், அவ்வளவு அழகு.

உங்கள் கடிதம் வந்த அன்று இசாவோ என் எதிரில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். “ஒரே ஒரு வரி எழுதுங்க கூடத்தம்மா. நல்லா இருக்கான்னு. முன்னாடி எழுதினீங்களே, அதே வரி.” அந்தத் தந்தியைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனவன் அவன்தான். எது எதையோ மறக்கிறவனுக்கு அது மறக்கவில்லை.

அவன் பிழைக்க வேண்டுமானால் இனி ஒரு அடிகூடத் தலையில் விழக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் கொடுத்தவர் வேறு டாக்டர்.

திரு. பாண்டிலான், இதைப் பாதியாகப் படிக்காதீர்கள்.

குசகாபே ஃபுமி


செபு
1980 மே 30

அம்மாவுக்கு,

முழுதாகப் படித்தேன். நார்சிஸோவுக்கும் படித்துக் காட்டினேன். கோயிலில் பாடுகிற பிள்ளை, கேட்டதும் கலங்குவான் என்று நினைத்தேன். “அப்போ ரெண்டாவது ரவுண்டுல விழுவாரா, ஏழுலயா மாமா? ஏழுன்னா நல்லா இருக்கும், சனம் உக்காரும்” என்றான். இந்தப் பேச்சை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். வேறு யாரிடமும் அவன் தொழில் கற்கவில்லை.

முடியாது என்றேன். கிதானிக்கும் முடியாது என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நார்சிஸோ மணிலாவிலிருந்து வந்த ஒருவனோடு காரில் ஏறிப் போய்விட்டான். செல்சோ மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மணிலாக்காரனும் கிதானியும் பேசி முடித்துவிட்டார்கள். கோபேயில் ஒரு கூடம் இசாவோவைத் தன் ஆளாக இறக்கத் தயாராம். உங்கள் நாட்டில் வீரன் கூடத்துக்குச் சொந்தம். நீங்கள் விடுவித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் வேறு கூடத்தின் பெயரில் மேடையேற முடியும். அந்த வழக்கத்தை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது அது ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது.

உங்களிடம் வருவார்கள். இனிப்பாகப் பேசுவார்கள். பிறகு நாளிதழில் உங்களைப் பேய் என்பார்கள். இசாவோவையே அனுப்புவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

பாண்டிலான்


அமகாசாகி
1980 ஜூன் 19

திரு. பாண்டிலான் அவர்களுக்கு,

போடவில்லை.

நீங்கள் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. முதலில் கேக் பெட்டி வந்தது. பிறகு நாளிதழில், ‘வீரனைப் பூட்டி வைத்திருக்கும் விதவை’ என்று வந்தது. மீன் கடையில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். எல்லாருக்கும் இசாவோ இன்னொரு முறை மேடையேற வேண்டும். ஆரஞ்சுத் தோல் வீசியவர்களுக்குத்தான் அதிகமாக வேண்டும்.

கிதானி அவனைக் கோபேயில் ஒரு விடுதியில் வைத்திருந்தார். நேற்று மாலை காரில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, அவர் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். இசாவோ செருப்போடு வாசலில் நின்றபடியே விடுவிப்புக் காகிதத்தை என் முன்னால் வைத்தான். முதல் முறையாக என்னை நீ என்றான். “போடு கிழவி. என்னக் கட்டிப்போட நீ யாரு? பெத்தியா?” கூடத்தில் பையைக் குத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். “என் அரங்கத்த நீதான் திருடின” என்றான். இன்னும் சொன்னான். அவை எழுதத் தக்கவை அல்ல. அவ்வளவையும் கேட்டுவிட்டு, முடியாது என்றேன்.

அவன் குனிந்து செருப்பைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பிச் சேர்த்து வைத்தான். அவன் வந்த புதிதில் நான் கற்றுக்கொடுத்தது அது.

“குளிக்கத் தண்ணி தயாரா, கூடத்தம்மா?” என்றான்.

தயார் என்றேன். மாடிப்படியில் பாதி ஏறியவன் திரும்பி நின்று மறுபடியும் கேட்டான். மறுபடியும் தயார் என்றேன். வெளியே கிதானி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

குசகாபே ஃபுமி